சத்தமில்லாத கோழி செட்டு

அடுப்பு மாட்டுவது எப்படி என்று சொல்லித்தரத்தான் இந்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால், தம்பிகளா, இப்போதே டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். டிரம்மில் எங்கே கதவு வெட்டுவது, புகைக்குழாயை எப்படி வளைப்பது, மழை இறங்காதபடி குழாய் உச்சியில் குல்லாயை எப்படிப் பற்றவைப்பது என்பதெல்லாம் பட்டறையில் நின்றால் தானாகக் கைக்கு வந்துவிடும். வராதவனுக்குப் போனில் வீடியோ இருக்கிறது. நான் பேசப்போவது அடுப்பை மாட்டிவிட்டு வந்த பிறகு நடப்பதைப் பற்றி. அதற்கு வீடியோ கிடையாது.

"திண்டுக்கல் வெயிலில் கணப்பு அடுப்பு விற்றுப் பிழைக்கிற ஒரே ஆள் நீங்கதான் பாய்" என்று என் சம்பந்தியே கேலி செய்வார். கொடைக்கானல் பங்களாக்களுக்குச் செய்து அனுப்புகிறேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார் மனிதர். நம் அடுப்பு மனிதர்களுக்கு இல்லை, கறிக்கோழி வளர்க்கிற கொட்டகைக்கு, கோழி செட்டுக்கு. குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்க்கச் சொல்கிற கம்பெனியின் வண்டியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும். பொத்தி வைக்கத் தாய்க்கோழி இல்லை. அந்த வேலையை நம் டிரம் அடுப்பு செய்ய வேண்டும். வெயில் காலத்தில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மலையடிவாரத்தில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால், அடுப்பில்லாத செட்டில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியே செத்துப்போகும்.

கன்னிவாடிப் பக்கம் ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பட்டறைக்கு வந்து போகிறார்கள். அங்கே முருகேசன், ஈஸ்வரி என்று ஒரு புருசன் பெண்டாட்டி. கிணற்றுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோழி செட்டு. முருகேசனுக்கு மல்லிகையும் முருங்கையும்தான் உயிர். செட்டு வேலை முழுவதும் ஈஸ்வரி தலையில். நான் அடுப்பு மாட்டப் போன அன்று குழாயைத் தூக்கிப் பிடித்தது, ஆணி எடுத்துக் கொடுத்தது எல்லாம் அவள்தான். வேலை முடிந்து கைகழுவும்போது சொன்னாள்.

"பாய், போன தடவ குஞ்சு எறங்குன மறுநா எங்க சித்தப்பா தவறிட்டாருன்னு செம்பட்டிக்குப் போனேன். வாரதுக்குள்ள தீ அணைஞ்சு, குளிர்ல பாதிக்குமேல போயிருச்சு. அதுலருந்து எங்க மதினி வாயத் தொறந்தா எனக்குக் கைராசியில்லங்குது. ஊரும் அதையே பேசுது. இந்தத் தடவையும் இப்படி ஆச்சுன்னா இனிமே குஞ்சே எறக்க மாட்டோம்னு கம்பெனியில சொல்லிட்டாக. அடுப்ப மட்டும் நல்லா மாட்டிக் குடுங்க பாய். மத்தத நான் பாத்துக்கிறேன்."

"நீ போயிருந்தப்ப தீயப் பாத்துக்க ஆளில்லையா?" என்று கேட்டேன்.

"அவுக மல்லியப்பூவுக்கு மருந்தடிக்கப் போயிட்டாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தீயை அணையவிட்டவனுக்கு ராசி உண்டு, சாவுக்குப் போனவளுக்கு ராசி இல்லை. எனக்கு வந்த எரிச்சலில் முருகேசனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் அப்போது அங்கே இல்லை.

பரீட்சைக்குத் தீ மூட்டிப் பார்த்தோம். குழாய் நன்றாக இழுத்தது. சுற்றிலும் தொங்கும் படுதாவின் மேல்விளிம்பில் ஒரு முழம் சந்து விட்டுக் கட்டிக் கொடுத்தேன். "மழையோ பொசலோ, இந்தச் சந்த மட்டும் அடைக்கக் கூடாது" என்று சொன்னபோது முருகேசனும் வந்துவிட்டான். புருசனும் பெண்டாட்டியும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிறவர்களை நம்பித்தான் நாம் தொழில் செய்கிறோம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. குஞ்சு இறங்கிய அன்று சாயங்காலத்துக்குச் சற்று முன்னால் ஈஸ்வரியிடமிருந்து போன் வந்தது. நான் பட்டறையில் ஒரு குழாயை அறுத்துக்கொண்டிருந்தேன்.

"பாய், மத்தியானம் வெறகு புடிக்கல. ஒரே புகையா வந்துச்சு. அவுக கரியக் கொட்டிட்டாக. இப்பப் புகை இல்ல. குஞ்செல்லாம் நல்லாத் தூங்குது" என்றாள். நாளைக் காலையில் வருகிறேன் என்றேன். "சரி பாய். குஞ்செல்லாம் நல்லாத் தூங்குது" என்றாள். வேறு ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன். "குஞ்செல்லாம் நல்லாத் தூங்குது" என்று மறுபடியும் அதே வாக்கியம், அதே இழுவையில். ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்கிற பொம்பளை அவள்.

போனை வைத்துவிட்டு அறுக்கிற வேலையைத் தொடர்ந்தேன். ரம்பம் ஓடவில்லை, மனசு அந்த வாக்கியத்திலேயே நின்றது. எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நமக்கு வருகிற போன் எல்லாம் அடுப்பைப் பற்றித்தான் இருக்கும். பேசுகிறவர் குரலையும் சேர்த்துக் கேளுங்கள். மழைக்கோட்டை எடுக்க மறந்து, வழியெல்லாம் நனைந்துகொண்டே போனேன்.

போய்ச் சேர்ந்ததும் செட்டைத்தான் முதலில் பார்த்தேன். படுதா நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தது. கீழே மணல் மூட்டை. மேலே நான் விட்ட ஒரு முழச் சந்தில் சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். முருகேசன் கதவண்டையில் நின்று சிரித்த முகமாக வரவேற்றான்.

"பொட்டுக் காத்து உள்ள போகாது பாய். போன தடவ மாதிரி ஏமாற மாட்டோம்ல. உள்ள வந்து பாருங்க, எம்புட்டு அமைதியா தூங்குதுன்னு."

உள்ளே போனேன். நல்ல கதகதப்பு. நனைந்து போனவனுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. கண் எரியவில்லை, மூக்கில் புகைவாடை இல்லை. மஞ்சள் குஞ்சுகள் கும்பல் கூடாமல், நெருக்காமல், உமி மேல் சீராகப் பரவிக் கிடந்தன. இப்படிப் பரவிக் கிடந்தால் சூடு சரியாக இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் சொல்லித்தருகிறார்கள். போட்டோ எடுத்து அனுப்பினால் கம்பெனியில் பாராட்டியிருப்பார்கள்.

ஆனால் சத்தம் இல்லை. நன்றாக இருக்கும் குஞ்சு செட்டில் ஒரு கீச்சுச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். பாதி தூங்கினால் பாதி கத்தும். தீனியைக் கொத்தும், ஒன்றையொன்று மிதிக்கும். அத்தனை குஞ்சு இருந்தும் எனக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஈஸ்வரி அடுப்புக்குப் பக்கத்தில் தீவன மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்திருக்கவில்லை.

"தல வலிக்குது பாய். செத்த நேரம் உக்காந்துட்டு எந்திரிக்கிறேன்" என்றாள்.

"வாந்தி வந்துச்சா?"

"ரெண்டு தடவ எடுத்துட்டா" என்றான் முருகேசன். "அவ சஷ்டி வெரதம் பாய். ஒருவேளதான் சாப்புடுறா. குஞ்சு வருதுன்னு நேத்துலருந்து தூக்கமும் இல்ல. அதான் கிறுகிறுப்பு."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. விரதம் இருக்கிறவளுக்குத் தலை வலிக்காதா? தூக்கம் கெட்டவள் தள்ளாட மாட்டாளா? தரையில் கிடந்த பஞ்சு மாதிரி ஒரு குஞ்சு இறகை எடுத்து, அடுப்பின் காற்றுத் துளைக்கு முன்னால் பிடித்தேன். உயிருள்ள அடுப்பு அதை வெடுக்கென்று உள்ளே இழுக்கும். இறகு அசையாமல் நின்றது. அப்புறம் மெதுவாக என் பக்கம் சாய்ந்தது. குழாய் வழியாக மேலே போக வேண்டிய காற்று செட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. டிரம் நிறையக் கரிக்கங்கு சிவப்பாகக் கனன்றது.

பயந்துவிட்டேன், தம்பிகளா. மறைக்க என்ன இருக்கிறது? கரியிலிருந்து வரும் விஷக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவைச் சாத்திக் கரி போட்டுக் குளிர்காய்ந்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று எத்தனை தடவை பேப்பரில் படிக்கிறோம். புகை வந்திருந்தால் இவர்களே இருமிக்கொண்டு வெளியே ஓடியிருப்பார்கள். புகை நின்றதுதான் இவர்களை உள்ளே உட்கார வைத்தது.

"ஈஸ்வரி, எந்திரி. வெளிய வா" என்றேன்.

"நான் வரல பாய்."

"தாயி, உள்ள காத்து சரியில்ல. வெளிய வந்து பேசு."

"போன தடவ வெளிய போய்த்தான பேர் வாங்குனேன். இந்தத் தடவ நகர மாட்டேன்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

படுதாக் கயிற்றில் கை வைத்தேன். முருகேசன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். செடிகொடியோடு பழகுகிற சாதுவான ஆள். அந்தப் பிடி அப்படி இல்லை.

"என்ன பாய் செய்றீக? இந்த வாடையில படுதாவத் தொறந்தா ஒரு குஞ்சு மிஞ்சாது. அப்பறம் இந்த செட்டு அம்புட்டுதான். கைய எடுங்க. மரியாத கெட்டுப்போகும்."

பிடித்த கையை விடாமலே இன்னொரு கையால் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தான். சூப்பர்வைசர் ஒட்டன்சத்திரத்துப் பையன், மரியாதை தெரிந்த பிள்ளை. அவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க பாய், உள்ள புகை இருக்குதுங்களா?"

"இல்ல."

"குஞ்சு கும்பல் கூடிக் கெடக்குதுங்களா?"

"இல்ல. பரவித்தான் கெடக்கு."

"அப்புறம் இந்த மழையில எப்படிங்க தொறக்கச் சொல்றது?" என்று தயங்கினார். பிறகு, "நான் பழனியில இருக்கறனுங்க. நேர்ல பாக்கறது நீங்க. ஆளுக்கு ஆபத்துன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என்னைக் கேக்காதீங்க, செஞ்சுருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு. ஆனால் முடிவு மறுபடியும் என் தலையில்தான் வந்து விழுந்தது.

அந்த நிமிசத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் நினைத்தது தப்பாக இருந்து, படுதாவைத் திறந்து, குஞ்சுகள் குளிரில் செத்தால் ஈஸ்வரியின் பெயர் அத்தோடு போச்சு. இனி அவள் செட்டில் கோழி இருக்காது, ஊர் அவளை முகத்துக்கு நேராகவே ராசியில்லாதவள் என்று கூப்பிடும். நான் நினைத்தது சரியாக இருந்து, திறக்காமல் போனால் அவளே இருக்க மாட்டாள். எனக்கும் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியிருந்தது. முருகேசனோடு மல்லுக்கட்டினால் நேரம் போகும். ஈஸ்வரியோடு வாதாடினால் அவள் இன்னும் பிடிவாதம் பிடிப்பாள். அவள் எதற்கு அசைவாள் என்று மட்டும் யோசித்தேன்.

"ஈஸ்வரி, மேக்கால படுதாக் கயிறு அவுந்துருச்சு. குஞ்சு நனையுது பாரு. வெளிய போயி இழுத்துப் புடி" என்றேன். கயிறு அவிழவில்லை. வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

கண்ணைத் திறந்தாள். மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குஞ்சை மிதித்துவிடக் கூடாதென்று காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். கதவைத் தாண்டினாள். வெளிச் சகதியில் ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலை வைக்கவில்லை. அப்படியே மழைக்குள் குப்புற விழுந்தாள்.

முருகேசன் என் மணிக்கட்டை விட்டுவிட்டு ஓடினான். "ஏலா ஈசு, ஈசு" என்று புரட்டினான். மூச்சு இருந்தது. கண் செருகியிருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிக் கிணற்று மோட்டார் ரூம் வாசலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அவனை அங்கே விட்டுவிட்டு நான் செட்டைச் சுற்றி ஓடி நாலு பக்கமும் கயிறுகளை அறுத்தேன். படுதாக்கள் விழுந்தன. வாடைக்காற்று குறுக்கே பாய்ந்தது. இந்தத் தடவை அவன் தடுக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டிருந்த லோடு வண்டியைக் கூப்பிட்டோம். மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு ஈஸ்வரியை ஏற்றினோம். ஏறிய பிறகு முருகேசன் வண்டியை விட்டு ஒரு காலைக் கீழே வைத்தான். செட்டைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"பாய், குஞ்சு" என்றான்.

"ஏலே, ஒழுங்கா ஏறு. குஞ்ச நான் பாத்துக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்கே போ. வெரதம், மயக்கம்னு டாக்டர்ட்ட கத சொல்லாத. மூடுன செட்டுல கரிக்காத்து ஏறிருச்சுன்னு சொல்லு. மொத வார்த்தையா அதச் சொல்லு." இது உங்களுக்கும்தான் தம்பிகளா. ஆஸ்பத்திரியில் என்ன சொல்லிச் சேர்க்கிறோம் என்பதில்தான் வைத்தியம் தொடங்குகிறது.

வண்டி கிளம்பும்போதுதான் நான் செட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். நான் மாட்டிய குழாயின் உச்சியில், குல்லாய்க்கு மேலே, கருப்புச் சட்டி ஒன்று கவிழ்ந்திருந்தது. உடம்பெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. வயலில் கண்ணேறு படாமலிருக்கக் கட்டுகிற சட்டி. குல்லாயை முழுக்க விழுங்கிக்கொண்டு கழுத்துவரை இறங்கி உட்கார்ந்திருந்தது. முருகேசன் என் பார்வையைப் பார்த்துவிட்டான்.

"ஊர்க் கண்ணு படக் கூடாதுன்னு காலையில மாட்டுனேன் பாய். தோட்டத்துலயே அதுதான் ஒசரம்" என்றான். வண்டி நகர்ந்த பிறகு, "அவ வேண்டாம்னா" என்றது மழையில் பாதிதான் கேட்டது.

தேங்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துவந்து அந்தச் சட்டியை இழுத்துத் தள்ளினேன். விழுந்து உடைந்தது. குழாய் ஒரு நிமிசம் சும்மா இருந்தது. அப்புறம் உறுமிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன், கொஞ்சம் வேலை, மறுபடி வெளியே ஓடி வந்து மூச்சு வாங்குவேன். அடுப்பை ஒட்டிக் கிடந்த குஞ்சுகளைத் தொட்டுப் பார்த்தேன். நிறைய போயிருந்தன. சாரல் அடித்த கிழக்குப் பக்கத்தில் குஞ்சுகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. காற்று மாறும்வரை படுதாவை ஏற்றவும் முடியாது, குஞ்சுகளை நனையவிடவும் முடியாது. அங்கே நின்று நான் யாரையெல்லாம் திட்டினேன் என்று இந்தச் சபையில் சொல்ல முடியாது.

செய்தி கேட்டு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தது முருகேசனின் அக்கா ராக்கம்மா, ஈஸ்வரி சொன்ன மதினி. செத்துக் கிடந்த குஞ்சுகளைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன்ல. அவ கை வச்சது எது வெளங்கியிருக்கு" என்றாள்.

"ஆத்தா, அத அப்பறம் பேசலாம். இப்ப நாலு தகரத்த எடுத்து கெழக்கால மறைப்புக் கட்டு" என்று கத்திவிட்டேன். வயசில் மூத்தவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் தகரம் வந்தது. சாக்கு வந்தது. கிழக்கே மறைத்து, மேற்கே திறந்துவிட்டு, உயிரோடு இருந்த குஞ்சுகளை முறத்தில் அள்ளி அடுப்பைச் சுற்றிக் கொட்டினோம். கரியை அள்ளி வெளியே எறிந்துவிட்டுக் கருவேல விறகு போட்டேன். இறகைப் பிடித்துப் பார்த்தேன், உள்ளே ஓடியது. அப்புறம்தான் படுதாவை ஏற்றினோம், மேலே ஒரு முழம் சந்து விட்டு.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஒரு குஞ்சு கத்தியது. இன்னொன்று கத்தியது. நன்றாக இருட்டியபோது செட்டு முழுக்கக் கீச்சுக் கீச்சென்று காது வலிக்கும் அளவுக்குச் சத்தம். நான் உமியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து முருகேசன் போன் செய்து, ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள், கண் முழித்துவிட்டாள் என்று சொன்னபோது போனைக் குஞ்சுகள் பக்கம் நீட்டிச் சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

கதை இதோடு முடிந்ததென்று நினைத்துக்கொண்டு நானும் அன்று வீட்டுக்குப் போனேன். ஈஸ்வரியின் உயிரைக் காப்பாற்றியாயிற்று. அவள் செட்டு இன்னும் தப்பவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அன்று சூப்பர்வைசர் வந்தார், என்னையும் வரச்சொன்னார். ஈஸ்வரி அன்று காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள், முகம் வெளுத்துப்போய் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து நின்றாள். ராக்கம்மாவும் ஊர்க்காரர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். முருகேசன் எல்லோருக்கும் பின்னால் நின்றான். பாதிக்கு மேல் குஞ்சுகள் பிழைத்துவிட்டன. ஆனால் செத்ததும் கொஞ்சமில்லை. சூப்பர்வைசர் செட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"இந்த செட்ட நிறுத்தோணும்னு எனக்கு ஆசையில்லீங்க. காரணம் தெரிஞ்சா, சரி பண்ணிட்டாங்கன்னு மேல பேசி நடத்த வெச்சுருவேன். காரணமே தெரியாம ரெண்டு தடவ சாவு விழுந்தா நான் என்னத்தைங்க சொல்றது?" என்னைப் பார்த்தார். "பாய், அடுப்புல கோளாறுங்களா?"

"காரணம் என்ன பெரிய காரணம்" என்றாள் ராக்கம்மா. ஈஸ்வரி பக்கம் முகவாயைக் காட்டினாள். "இந்தா நிக்கிதுல்ல."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஈஸ்வரி திரும்பி முருகேசனை மட்டும் பார்த்தாள். அவன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டியை மாட்டியது இந்தப் பயல்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் சொன்னால் என்ன ஆகும் என்று அந்தச் சனங்களின் முகத்திலேயே தெரிந்தது. அடுப்புக்காரன் தன் அடுப்பைக் காப்பாற்றப் பேசுகிறான் என்பார்கள். கம்பெனி ஒருவேளை ஒப்புக்கொள்ளும். ஊர் ஒப்புக்கொள்ளாது. அவள் சொன்னால் புருசன் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். சொல்ல வேண்டிய வாய் அங்கே ஒன்றுதான் இருந்தது. கோபக்காரன் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஊரில் நான் செய்த பெரிய வேலை அதுதான், தொரட்டியால் சட்டியைத் தள்ளியதெல்லாம் அதற்குக் கீழேதான்.

"பாய், உங்களைத்தானுங்க. அடுப்புக் கோளாறுங்களா?" சூப்பர்வைசர் மறுபடியும் கேட்டார்.

முருகேசனையே பார்த்தேன். இதற்கு மேல் பொறுக்கக் கூடாது, சொல்லிவிட வேண்டியதுதான் என்று தொண்டையைக் கனைத்தேன்.

"நான்தான்" என்றான் முருகேசன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் முன்னால் வந்தான்.

"சட்டியக் கொழாய்ல கவுத்துனது நான். மேல விட்டிருந்த சந்த அடைச்சது நான். வெறகு புடிக்கலன்னு கரியக் கொட்டுனதும் நான்தான். அவ வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல." மூச்சு வாங்கினான். பிறகு சூப்பர்வைசரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான். "போன தடவ தீய அணைய விட்டதும் நான்தான்க்கா. பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் அவ சாவுக்குப் போனா. நான் மருந்தடிக்கப் போயிட்டேன். நீங்கள்லாம் அவளப் பேசுனப்ப நான் வாயத் தொறக்கல. இனிமே ராசி கீசின்னு எங்க வீட்டு வாசல்ல யாரும் பேசக் கூடாது."

மழை விட்டிருந்தது. செட்டுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ராக்கம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றாள். சூப்பர்வைசர், "சரிங்க, இது போதுமுங்க. மேல நான் பேசிக்கறேன்" என்றார். முருகேசன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தான்.

ஈஸ்வரி அழவில்லை. சுவரைப் பிடித்து நிமிர்ந்து, எங்கள் எல்லோரையும் தாண்டி செட்டு வாசலுக்கு நடந்தாள். உள்ளே போகுமுன் திரும்பினாள்.

"மதினி, தண்ணித் தட்டெல்லாம் அழுக்கேறிக் கெடக்கு. தனியாக் கழுவ எனக்கு இன்னும் தெம்பில்ல. வாங்க."

ராக்கம்மா தம்பியை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனாள்.